நடுக்கடலில் தானாக ஓடிய பம்ப்!

நள்ளிரவு 2 மணி. மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்து கிளம்பிய பாய்மரப் படகு ஒன்று, அந்தமானின் போர்ட் பிளேரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. படகில் கணவன், மனைவி இருவர் மட்டும். கணவர் கீழே தூங்குகிறார். மனைவி மேல்தளத்தில் காவல் முறையில் இருக்கிறார். காற்று சற்று அடங்கியிருக்கிறது. அலைச் சத்தம் குறைந்த அந்த நேரத்தில், காலுக்குக் கீழே எங்கோ ஒரு சத்தம்.

டர்ர்ர்ர்...

மூன்று விநாடிதான். நின்றுவிட்டது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அதே சத்தம்.

அது படகின் குடிநீர் பம்ப். ஏதாவது ஒரு குழாயைத் திறந்தால் மட்டும் ஓட வேண்டியது. இப்போது குழாயைத் திறக்க அங்கே யாரும் விழித்திருக்கவில்லை.

அவர் ஓடிப் போய்க் கணவரை எழுப்புகிறார். “என்னங்க, தண்ணி பம்ப் தானா ஓடுது!”

“ஸ்விட்சை முதல்ல ஆஃப் பண்ணும்மா” என்றபடியே எழுந்து உட்காருகிறார் அவர்.

இந்தத் தம்பதியும் இந்த இரவும் ஓர் எடுத்துக்காட்டுக்குத்தான். ஆனால், படகில் நீண்ட தூரம் போகிறவர்கள் யாராக இருந்தாலும், இந்த ‘டர்ர்ர்’ சத்தத்தை என்றாவது ஒருநாள் கேட்டே தீருவார்கள். லங்காவியிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 530 கடல் மைல். நாளொன்றுக்கு 120 கடல் மைல் போனாலும் நாலரை நாள் பயணம். வழியில் தண்ணீர் லாரி வராது. பிளம்பர் வர மாட்டார். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர்தான். அதில் ஒரு டம்ளர்கூடக் குடிக்க முடியாது.

மொட்டை மாடி இல்லாத வீடு

நம் வீடுகளில் தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் இருக்கிறது. புவியீர்ப்பு விசை சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் தானே இறங்கி வரும்.

படகில் அது நடக்காது. 300 லிட்டர் தண்ணீர் என்றால் 300 கிலோ எடை. அதைக் கொண்டுபோய் உயரத்தில் வைத்தால் படகு ஆட்டம் காணும். அலையில் சாயும்போது நிமிரச் சிரமப்படும். அதனால், தண்ணீர்த் தொட்டியைப் படகின் தரைப் பலகைக்குக் கீழேயோ, இருக்கைகளுக்கு அடியிலோ, முடிந்தவரை தாழ்வாக வைக்கிறார்கள். தாழ்வான இடத்திலிருந்து தண்ணீரைக் குழாய்க்கு ஏற்ற ஒரு பம்ப் தேவை.

பெரும்பாலான சிறிய படகுகளில் இருப்பது, 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் டயாஃப்ரம் பம்ப். கைக்கு அடக்கமான சாதனம். உள்ளே ரப்பர் சவ்வு ஒன்று மேலும் கீழும் அசைந்து தண்ணீரை உறிஞ்சித் தள்ளும். நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் தள்ளக்கூடிய பம்ப் சாதாரணமாகப் பயன்பாட்டில் உள்ளது.

இந்த பம்பின் மூளை, அதன் தலையில் உள்ள பிரஷர் ஸ்விட்ச். குழாய்கள் எல்லாம் மூடியிருக்கும்போது பைப்புக்குள் அழுத்தம் ஏறும். சுமார் 40 பி.எஸ்.ஐ. வந்ததும் ஸ்விட்ச் மின்சாரத்தைத் துண்டிக்கும். யாராவது குழாயைத் திறந்தால் அழுத்தம் இறங்கும். அது 25 பி.எஸ்.ஐ. அளவுக்கு வந்ததும் பம்ப் மறுபடி ஓடும். பம்புக்கு பம்ப் இந்த எண்கள் மாறலாம். சூத்திரம் ஒன்றுதான்.

40 பி.எஸ்.ஐ. என்பது எவ்வளவு? சுமார் 28 மீட்டர் உயரத்தில், அதாவது ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியில் வைத்த தொட்டியிலிருந்து கீழே இறங்கும் தண்ணீரின் அழுத்தம். அந்த அழுத்தம் இரவும் பகலும் படகின் ஒவ்வொரு பைப்பையும், ஒவ்வொரு இணைப்பையும் உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. எங்கே ஓர் இணைப்பு தளர்ந்தாலும் தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடித்துவிடும்.

கணக்குப் போட்டால் பயம் வரும். ஒரு பைப் முழுதாகக் கழன்று விழுந்தால், நிமிடத்துக்கு 11 லிட்டர் வீதம், 300 லிட்டர் தொட்டி அரை மணி நேரத்துக்குள் காலி. விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தாலே, ஒரு நாளைக்கு 4 லிட்டருக்கு மேல் போய்விடும். அது கிட்டத்தட்ட இரண்டு பேர் ஒரு நாள் குடிக்கும் தண்ணீர்.

சோப்பு சொன்ன செய்தி

அந்த இரவுக்குத் திரும்புவோம். பம்ப் ஸ்விட்சை அணைத்தாயிற்று. அடுத்து கணவர் செய்தது, தரைப் பலகையைத் தூக்கியது. படகின் அடிவயிற்றில், பில்ஜ் என்று சொல்லப்படும் பள்ளத்தில், விரல் ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கிறது.

இங்கேதான் எந்தப் படகோட்டிக்கும் நெஞ்சு படபடக்கும். அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வந்த கடல் நீரா, தொட்டியிலிருந்து கசிந்த குடிநீரா? கடல் நீர் என்றால் படகில் எங்கோ ஓட்டை, உயிருக்கே ஆபத்து. நல்ல தண்ணீர் என்றால் படகு பத்திரம், குடிநீருக்குத்தான் ஆபத்து.

எண்ணெயும் அழுக்கும் கலந்த அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. அதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் அள்ளி, சாதாரணக் குளியல் சோப்பைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். கடல் நீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் போகும். நல்ல தண்ணீரில் நுரை வரும்.

நுரை வந்தது.

ஒரு பெருமூச்சு. அடுத்த நொடி வேறு கவலை. தொட்டியின் மூடியைத் திறந்து அளவுக்கோலை விட்டுப் பார்க்கிறார்கள். 300 லிட்டரோடு கிளம்பினார்கள். இரண்டு நாளில் 40 லிட்டர் செலவழித்திருப்பார்கள். 260 இருக்க வேண்டும். கோல் காட்டியது 170. தொண்ணூறு லிட்டரைக் காணோம்.

அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? பில்ஜ் பள்ளத்தில் தண்ணீர் சேர்ந்தால் அதை வெளியேற்ற இன்னொரு பம்ப் தானியங்கியாக ஓடும். அது நல்ல தண்ணீர், கெட்ட தண்ணீர் என்று பார்க்காது. ஒரு பம்ப் குடிநீரைக் கசியவிட, இன்னொரு பம்ப் அதை அள்ளிக் கடலில் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டுக்கும் மின்சாரம் கொடுத்தது அதே பேட்டரி!

சத்தத்தின் இடைவெளியே கசிவின் அளவைச் சொல்லிவிடும். மூன்று விநாடி ஓட்டம் என்றால் சுமார் அரை லிட்டர். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மணிக்கு 15 லிட்டர். 90 லிட்டர் போக 6 மணி நேரம். ஆக, கசிவு தொடங்கியது இரவு 8 மணி வாக்கில்.

எட்டு மணிக்கு என்ன நடந்தது? இருவரும் யோசிக்கிறார்கள். பேட்டரியை சார்ஜ் செய்வதற்காகச் சாயங்காலம் எஞ்சினை ஓட்டினார்கள். எட்டு மணி வாக்கில்தான் அணைத்தார்கள்.

துப்பு கிடைத்துவிட்டது.

ஒவ்வொரு கதவாக மூடு

தானாக ஓடும் பம்புக்குக் காரணம் மூன்றே மூன்று. பைப் எங்கோ கசிகிறது. அல்லது ஏதோ ஒரு குழாய் சரியாக மூடவில்லை. அல்லது, பம்புக்குள்ளே உள்ள வால்வு தேய்ந்து, ஏற்றிய தண்ணீர் தொட்டிக்கே திரும்பி இறங்குகிறது.

முதலில் பார்க்க வேண்டியது குழாய்களை. சமையலறை, கழிவறை, கை ஷவர் என்று எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கி மூட வேண்டும். பலரும் மறப்பது, கடலில் குளித்துவிட்டு ஏறும்போது உப்பைக் கழுவ வைத்திருக்கும் பின்பக்க ஷவரை. அதன் கைப்பிடியில் உள்ள பொத்தானை மட்டும் விட்டுவிட்டு, குழாயைத் திறந்தே வைத்திருப்பார்கள். அங்கே சொட்டும் தண்ணீர் நேரே கடலுக்குப் போய்விடும். படகுக்குள் ஈரமே இருக்காது.

இரண்டாவது சந்தேகம் பம்பின் மீதே. இதைச் சோதிப்பது சுலபம். பம்ப் ஓடி நின்றதும், தொட்டிக்கும் பம்புக்கும் இடையே உள்ள வால்வை மூட வேண்டும். இப்போது தண்ணீர் தொட்டிக்குத் திரும்ப வழியில்லை. அதன் பிறகு பம்ப் அமைதியாக இருந்தால், குற்றவாளி பம்புக்குள் இருக்கும் வால்வு. அதில் சின்னத் துரும்பு சிக்கியிருந்தாலே போதும். இதில் தண்ணீர் வீணாவதில்லை என்பது ஓர் ஆறுதல். வால்வை மூடிய பிறகும் பம்ப் துடித்தால், கசிவு வெளியே எங்கோ இருக்கிறது. உடனே பம்பை அணைத்துவிட்டுத் தேட வேண்டியதுதான்.

மூன்றாவது, ஒவ்வொரு கிளையாகத் துண்டித்துப் பார்ப்பது. சமையலறைப் பக்கம் போகும் வால்வை மூடு, காத்திரு. கழிவறைப் பக்கம் மூடு, காத்திரு. எந்தக் கிளையை மூடியதும் சத்தம் நிற்கிறதோ, அங்கேதான் கசிவு. படகு முழுவதையும் பிரித்துப் போட வேண்டியதில்லை.

நம் தம்பதி முதலில் மூடியது, வெந்நீர்த் தொட்டிக்குப் போகும் வால்வை. படகில் எஞ்சின் ஓடும்போது, அதன் சூடான குளிர்விப்பு நீர் ஒரு சுருள் வழியாகப் போய் குளிக்கும் தண்ணீரையும் சூடாக்கித் தரும். தனியாக மின்சாரம் தேவையில்லை. ஆனால், சூடு ஏறினால் ரப்பர், பிளாஸ்டிக் பைப்புகள் இளகும். குளிர்ந்த நிலையில் இறுக்கமாகத் தெரியும் இணைப்பு, சூட்டில் தளரும்.

வால்வை மூடிவிட்டு பம்ப் ஸ்விட்சைப் போட்டார்கள். ஒருமுறை ஓடி நின்றது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சத்தமே இல்லை.

இருக்கைக்கு அடியில், டார்ச் வெளிச்சத்தில், வெந்நீர்த் தொட்டியின் வெளிவாய் இணைப்பைத் துடைத்துவிட்டு ஒரு டிஷ்யூ காகிதத்தைச் சுற்றினார்கள். வால்வைத் திறந்ததும் காகிதம் நனைந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகினால், கிளாம்ப் முழுதாக இரண்டு சுற்று உள்ளே போனது. பக்கத்திலேயே இன்னொரு கிளாம்பையும் போட்டு இறுக்கினார்கள். மொத்த ரிப்பேர் இவ்வளவுதான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெந்நீர் இரவில் ஆறும்போது பைப்பில் அழுத்தம் கொஞ்சம் இறங்கும். அதனால் விடியற்காலையில் பம்ப் ஒரே ஒருமுறை ஓடி நிற்பது இயல்பு. அதேபோல, சூடாகும் நேரத்தில் வெந்நீர்த் தொட்டியின் பாதுகாப்பு வால்வில் சில துளிகள் வருவதும் இயல்பு. ஒருமுறை ஓடினால் கவலை வேண்டாம். திரும்பத் திரும்ப ஓடினால் தூங்க வேண்டாம்.

ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை

இதற்கு நேர் எதிரான நோய் இன்னொன்று. பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயில் தண்ணீர் வராது. வந்தாலும் தும்மித் தும்மி வரும். நம்மூர் பாஷையில், பம்ப் ‘ஏர் பிடித்துவிட்டது’.

தொட்டி காலியா என்று முதலில் பார்க்க வேண்டும். சிரிப்பாக இருக்கலாம், ஆனால், பாதிப் புகார்கள் இங்கேயே முடிந்துவிடும். பாய்மரப் படகுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும்போது, குறைவாக உள்ள தண்ணீர் தொட்டியின் மறுமூலைக்குப் போய்விடும். உறிஞ்சும் வாய்க்குக் காற்றுதான் கிடைக்கும்.

தொட்டியில் தண்ணீர் இருக்கிறது என்றால், அடுத்த சந்தேகம் பம்புக்கு முன்னால் உள்ள வடிகட்டி. தொட்டியின் அடியில் தங்கும் வண்டலும் பிளாஸ்டிக் துகள்களும் பம்புக்குள் போகாமல் தடுப்பது அந்தச் சின்ன வலைதான். அது அடைத்தால் பம்ப் மூச்சுத் திணறும். வடிகட்டியைக் கழுவி மாட்டும்போது, அதன் மூடியில் உள்ள ரப்பர் வளையம் சரியாக உட்கார வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்தே புதுத் தொல்லை தொடங்கும்.

ஏனென்றால், பம்புக்கு முன்னால் உள்ள பக்கம் உறிஞ்சும் பக்கம். அங்கே இணைப்பு தளர்ந்தால் தண்ணீர் வெளியே சொட்டாது. காற்று உள்ளே போகும். ஈரமே தெரியாத கசிவு இது. கையால் தடவிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. அந்தப் பக்கத்து கிளாம்புகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பார்ப்பதுதான் வழி.

யாரும் நினைத்துப் பார்க்காத காரணம் ஒன்று மிச்சம் இருக்கிறது. தொட்டியிலிருந்து தண்ணீர் வெளியேற வேண்டுமானால், அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். அதற்காக ஒரு மெல்லிய காற்றுக் குழாய் உண்டு. அதன் வாயில் உப்பு படிந்தாலோ, பூச்சி கூடு கட்டினாலோ தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகும். பம்ப் முக்கி முனகும். தொட்டியின் பக்கங்கள்கூட உள்வாங்கும். தண்ணீர் நிரப்பும் மூடியைத் திறந்தவுடன் ‘புஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, குழாயில் தண்ணீர் கொட்டினால், நோய் அதுவேதான்.

சத்தமே இல்லை

குழாயைத் திறந்தால் பம்ப் ஓடவே இல்லை. ‘பம்ப் போச்சு’ என்று புதிது வாங்க ஓடுகிறவர்கள் உண்டு. ஆனால், கடலில் பழுதாவது பெரும்பாலும் பம்பின் மோட்டார் அல்ல. அதற்கு மின்சாரம் கொண்டுவரும் பாதை.

ஃபியூஸைப் பார்க்க வேண்டும். பிறகு, ஸ்விட்ச் போட்ட நிலையில் பம்பின் வயர் முனைகளில் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கும். பம்புக்கு வரும்போது 10 வோல்ட்தான் இருக்கும். நடுவில் எங்கோ ஓர் இணைப்பு உப்புக் காற்றில் பச்சை பூத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த முனையைக் கழற்றி, சுரண்டிச் சுத்தம் செய்து மறுபடி மாட்டினால், செத்துப்போன பம்ப் உயிர் பெறும். எதிர்முனை வயரையும் மறக்காமல் பார்க்க வேண்டும்.

மின்சாரம் சரியாக வருகிறது, ஆனாலும் ஓடவில்லை. அப்போது சந்தேகம் பிரஷர் ஸ்விட்ச் மீது. அதன் இரண்டு வயர்களையும் ஒரு கணம் ஒன்றாகத் தொட வைத்தால் பம்ப் ஓடுகிறதா? ஓடினால் மோட்டார் நலம்; ஸ்விட்ச்தான் பழுது. கரை சேரும்வரை, தண்ணீர் தேவைப்படும்போது மட்டும் மெயின் ஸ்விட்சைப் போட்டு, குழாயை மூடும் முன் அணைத்து, சமாளித்துக்கொள்ளலாம். அப்படியே இணைத்துவிட்டு மறந்துபோனால், தானாக நிற்கும் வழி இல்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் பைப் தெறிக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: இந்தச் சோதனை 12 வோல்ட் பம்புக்கு மட்டும். வீட்டில் 230 வோல்ட்டில் ஓடும் பிரஷர் பம்பில் இதைச் செய்து பார்க்கவே கூடாது.

துடித்துத் துடித்து ஓடினால்...

குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால் பம்ப் ‘டக் டக் டக்’ என்று நொடிக்கு நொடி ஓடி நிற்கும். தண்ணீரும் விட்டு விட்டு வரும். இந்தத் துடிப்பைத் தாங்கிக்கொள்ளத்தான் பல படகுகளில் அக்குமுலேட்டர் என்ற சின்ன உருளை இருக்கிறது. உள்ளே ஒரு ரப்பர்ப் பை; ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. காற்று ஸ்பிரிங் போல வேலை செய்யும். ராத்திரியில் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தால், பம்ப் ஓடாமலேயே அது கொடுத்துவிடும்.

மாதக்கணக்கில் பயன்படுத்தும்போது அந்தக் காற்று குறையும். பைக் டயர் போலவே இதற்கும் காற்று அடைக்கும் வால்வு உண்டு. பம்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தை முழுதாக வெளியேற்றிய பிறகு, டயர் அளவுகோலால் பார்க்க வேண்டும். பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தத்தைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாகக் காற்று இருந்தால் சரி. சைக்கிள் பம்பே போதும். காற்று வால்வை அழுத்தும்போது தண்ணீர் வந்தால், உள்ளே பை கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான்.

மும்பையில் பிறந்த படகு

தண்ணீரை ஒரே இடத்தில் நம்பி வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பெயர் பெற்ற ஒரு கதை உண்டு. எங்கும் நிற்காமல் தனி ஆளாக முதன்முதலில் உலகைச் சுற்றி வந்தவர் இங்கிலாந்தின் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய ‘சுஹைலி’ நம் மும்பையில், தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 32 அடிப் படகு. 1968 ஜூன் 14 அன்று இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைக் கடந்த கொஞ்ச நாளில், புயலில் படகு கவிழ்ந்து சாய்ந்து எழுந்தது. உயிர் தப்பினார். ஆனால், தொட்டியில் இருந்த குடிநீர் கெட்டுப்போயிருந்தது.

பயணத்தின் பெரும்பகுதி இன்னும் மிச்சம். தனியாக வைத்திருந்த கொஞ்சத் தண்ணீரையும், வானம் கொடுத்த மழையையும் நம்பித்தான் பயணத்தைத் தொடர்ந்தார். 1969 ஏப்ரல் 22 அன்று, 312 நாட்களுக்குப் பிறகு, அதே ஃபால்மத்தில் கரை சேர்ந்தார்.

இன்றும் அனுபவசாலிகள் தண்ணீரை இரண்டு தொட்டிகளாகப் பிரித்து வைக்கிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும் வால்வை மூடியே வைக்கிறார்கள். இவை தவிர, எந்த பைப்போடும் சேராத கேன்களில் சில நாட்களுக்கான குடிநீரைத் தனியாகக் கட்டி வைக்கிறார்கள். சமையலறைத் தொட்டிக்குப் பக்கத்தில், காலால் மிதித்துத் தண்ணீர் எடுக்கும் ஃபுட் பம்ப் ஒன்றும் இருக்கும். பேட்டரி செத்தாலும் அது சாகாது. காலால் மிதித்து எடுத்தால் தண்ணீர்ச் செலவும் தானாகவே குறையும்.

கரையில்தான் பெரிய ஆபத்து

நடுக்கடலில் தொட்டித் தண்ணீர் கசிந்தால் தாகம் வரும், படகு மூழ்காது. ஏற்கெனவே படகுக்குள் இருந்த தண்ணீர்தான் இடம் மாறியிருக்கிறது.

கரையில் கதை வேறு. பல படகுத்துறைகளில், நகரக் குடிநீர்க் குழாயை நேராகப் படகின் பைப்போடு இணைத்துக்கொள்ளும் வசதி உண்டு. பம்பே தேவையில்லை, சௌகரியம்தான். ஆனால், இணைப்பை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால், எங்காவது ஒரு பைப் கழன்றதும் ஊர்த் தண்ணீர் முழுவதும் படகுக்குள் கொட்டும். அதற்கு அளவே கிடையாது. பில்ஜ் பம்ப் பேட்டரி தீரும்வரை போராடும். பிறகு, அமைதியான துறையில், கட்டிப்போட்ட இடத்திலேயே படகு மூழ்கும். இப்படி மூழ்கிய படகுகள் உண்டு. அதனால்தான் படகை விட்டு இறங்கும்போது கரைக் குழாயைக் கழற்றுவதும், பம்ப் ஸ்விட்சை அணைப்பதும் வீட்டைப் பூட்டுவது போன்ற பழக்கமாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

தொட்டிக்கும் ஒரு குளியல்

நாள்பட்ட தண்ணீரில் வாடை வரும். குழாயின் உள்பக்கம் வழவழப்புப் படியும். அந்தப் படிவுதான் பின்னர் வடிகட்டியையும் பம்பின் வால்வையும் அடைக்கும். வாசனை சேர்க்காத 5 சதவிகித பிளீச்சிங் திரவத்தை, தொட்டியின் கொள்ளளவில் லிட்டருக்கு 1 மில்லி என்ற கணக்கில், முதலில் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து தொட்டியில் ஊற்றி, பிறகு தொட்டியை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, குளோரின் வாடை வந்ததும் மூட வேண்டும். நான்கு மணி நேரம் அப்படியே விட்டு, முழுவதையும் வெளியேற்றி, வாடை போகும்வரை நல்ல தண்ணீர் விட்டு அலச வேண்டும். அந்த நேரத்தில் யாரும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிடாமல் குழாயில் ஒரு சீட்டு கட்டிவைப்பது நல்லது. அலுமினியத் தொட்டியைக் குளோரின் அரிக்கும் என்பதால், அதற்குத் தயாரிப்பாளர் சொல்லும் முறையே சரி.

வீட்டிலும் அதே சத்தம்

படகே இல்லாதவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. பிரஷர் பம்ப் வைத்திருக்கும் வீடுகளில், யாரும் குழாயைத் திறக்காமலேயே இரவில் பம்ப் ஓடி நிற்கும். ‘பம்ப் பழசாயிடுச்சு’ என்று விட்டுவிடுவார்கள். பல நேரங்களில் குற்றவாளி, கழிவறை ஃப்ளஷ் டேங்கின் அடியில் தேய்ந்துபோன ரப்பர் வாஷர். தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் வழிந்துகொண்டே இருக்கும். ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் உணவு வண்ணத்தைக் கலந்துவிட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருந்து பார்த்தால், கோப்பையில் நிறம் இறங்கியிருக்கும். அந்த வாஷரை மாற்றினால், தண்ணீர்க் கட்டணமும் மின் கட்டணமும் மிச்சம்.

பயணத்துக்கு முன்...

* தொட்டி எவ்வளவு இருக்கிறது என்று தினமும் ஒரே நேரத்தில் கோல் வைத்துப் பார்த்து எழுதி வையுங்கள். 90 லிட்டர் குறைந்த பிறகு தெரிவதைவிட 10 லிட்டரில் தெரிவது மேல்.
* தூங்கப் போகும்போதும், படகை விட்டு இறங்கும்போதும் பம்ப் ஸ்விட்சை அணையுங்கள்.
* துருப்பிடிக்காத எஃகு கிளாம்புகள், சில அடி பைப், ஃபியூஸ், வடிகட்டியின் ரப்பர் வளையம், பம்பின் டயாஃப்ரம் மற்றும் வால்வு, பிரஷர் ஸ்விட்ச் ஆகியவற்றைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள்.
* எந்த வால்வு எந்தக் கிளையை மூடும் என்று சீட்டு ஒட்டி வையுங்கள். இருட்டில், ஆடும் படகில், நினைவை நம்ப முடியாது.
* கேன்களில் தனிக் குடிநீர் இல்லாமல் கரையை விட்டுக் கிளம்பாதீர்கள்.

அதிகாலை மூன்றரை. தரைப் பலகையை மூடி, கருவிகளைப் பெட்டியில் போட்டாயிற்று. மிச்சம் 170 லிட்டர். இன்னும் மூன்று நாள் பயணம். குடிக்க, சமைக்கத் தாராளமாகப் போதும். குளியல் மட்டும் கடல் நீரில்.

“நான் பார்த்துக்கிறேன், நீ போய்ப் படு” என்கிறார் கணவர்.

மனைவி படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கிறார். பம்ப் ஒருமுறை ஓடி நிற்கிறது. குடித்துவிட்டு, ஸ்விட்ச் பலகையில் பம்பின் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கிறார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாலும், கீழே அலை மோதும் சத்தம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.